பஸ்ஸோடு போன மிட்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல், சூலூரிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் நந்திதாவின் மடியில் மூன்று பைகள் உட்கார்ந்திருந்தன.

ஒன்று அவளுடைய மஞ்சள் துணிப் பை. மற்ற இரண்டும் யாருடையவோ. கிளம்பும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் மூச்சு விட இடமில்லை. நிற்கிறவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம்.

"கண்ணு, இதைச் சித்த நேரம் புடிச்சுக்கறயா?" என்று முதலில் ஒரு பெரிய ரெக்சின் பை வந்தது.

அடுத்து, கூட்டத்துக்கு நடுவிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் நீண்டது. அந்தக் கையில் ஒரு மஞ்சள் துணிப் பை. நந்திதா அதையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கைக்குச் சொந்தக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஏனென்றால் அது சண்முகப்பிரியா சித்தி உட்காரும் இடம். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம்.

சித்தி பம்ப்செட் கம்பெனி ஒன்றில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை பார்த்தார். தினமும் இதே பஸ். ஒருமுறை சித்தியின் மடியில் ஏழு பைகளை நந்திதா எண்ணியிருக்கிறாள். பைகளுக்கு மேலே சித்தியின் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. வாய் மட்டும் ஓயவில்லை.

"குடுங்க, குடுங்க. பேரு என்னங்க? எங்க இறங்கறீங்க?"

ஒவ்வொரு பைக்கும் இந்த இரண்டு கேள்விகள் உண்டு.

"பையை வெச்சுக்கறதுக்குப் பேரு எதுக்கு அம்மணி?" என்று ஒருவர் கேட்டார்.

"பேரு தெரியாத ஆளோட பையை மடியில வெச்சுட்டு நான் எப்படீங்க ஊடு வரைக்கும் பேசாம வாரது?" என்றார் சித்தி. பஸ்ஸே சிரித்தது.

அந்தச் சித்தி இப்போது இல்லை. போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பதே நாளில் போய்விட்டார்.

நந்திதா தன் மஞ்சள் பையை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். உள்ளே சித்தியின் மிட் இருந்தது.

சித்தி சனி, ஞாயிறுகளில் சாஃப்ட்பால் ஆடுவார். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. பேட் பிடிப்பவருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் அவர்தான். கேட்சர் போடும் தடித்த தோல் கையுறைக்குத்தான் மிட் என்று பெயர். சித்தி போன பிறகு, அவருடைய அப்பா பாலுசாமி அந்த மிட்டை அலமாரியில் வைத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதை எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவார். அம்மாவுக்கும் அவர்தான் அப்பா; நந்திதாவுக்கு அப்பிச்சி. இந்த ஒரு வருடத்தில் அப்பிச்சி அதிகம் பேசியது அந்த மிட்டோடுதான்.

இன்று சிங்காநல்லூர் மைதானத்தில் சித்தியின் நினைவாக ஒரு போட்டி. நான்கு மணிக்கு. முதல் பந்து சித்திக்கு. சித்தி உட்காரும் இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மிட் மட்டும் தரையில் இருக்கும். ஒரு நிமிடம் மௌனம். பிறகு அந்த இடத்துக்குப் பந்தை வீசுவார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டம்.

"மிட்டு அங்க இருக்கும்னா நானும் வாரேன்" என்று அப்பிச்சி சொல்லியிருந்தார். ஒரு வருடமாக மைதானத்துப் பக்கமே போகாதவர் அவர்.

அப்பிச்சியும், மாலையும், சுண்டல் நிரப்பிய போசிப் பாத்திரமும் அம்மாவின் ஸ்கூட்டரில் ஏறியதும் நந்திதாவுக்கு இடமில்லை.

"நான் பஸ்ல வாரேன். தினமும் ஸ்கூலுக்குப் போற பஸ்தானே? மிட்டை நானே கொண்டு வாரேன்" என்று அவள் அடம்பிடித்தாள்.

அணித் தலைவி ஷ்ரவ்யா அக்கா போனில் கேட்டார்: "பத்திரமா வந்துருவியா? நான் வேணும்னா பைக்ல வந்து வாங்கிக்கட்டுமா?"

"எனக்குப் பதினொரு வயசு ஆச்சுங்கக்கா!" என்றாள் நந்திதா.

பதினொரு வயதுக்காரி ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று நடத்துநரின் குரல் காதில் விழுந்தது.

"சிங்காநல்லூர் ஆளெல்லாம் இறங்கியாச்சா? ரைட், ரைட்!"

"ஐயோ! இறங்கோணும்ங்க! நிறுத்துங்க!"

நந்திதா துள்ளி எழுந்தாள். ரெக்சின் பையை அதன் சொந்தக்காரரிடம் நீட்டினாள். ஒரு மஞ்சள் பையைப் பச்சை வளையல் கையில் திணித்தாள். இன்னொரு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கால்களையும் குடைகளையும் தாண்டிப் படிக்கு வந்து குதித்தாள்.

பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது.

"அப்பாடா!" என்றாள் நந்திதா.

பிறகுதான் பைக்குள் ஏதோ 'கிளிங்' என்றது.

மிட் 'கிளிங்' என்று சொல்லாதே!

பையைத் திறந்தாள். உள்ளே ஒரு சிறிய தூக்குப் போசி. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் சில காகிதங்கள். அவ்வளவுதான்.

நந்திதா சாலை ஓரத்துக்கு ஓடினாள். பஸ் போன திசையைப் பார்த்தாள். லாரிகளுக்கு நடுவே அதன் பின்பக்கம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. அதன் முதலாளி கோவிந்தராஜுலுவை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் சித்தி அங்கேதான் தேங்காய் பன் வாங்கித் தருவார். நந்திதா அழாமல் இருக்க முயன்றபடியே போய் நின்றாள்.

"மாமா, ஒரு போன் பண்ணோணும்ங்க. சித்தியோட மிட்டு பஸ்லயே போயிருச்சுங்க!"

அவர் கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தார். "என்ன கண்ணு சொல்றே?"

அம்மாவின் எண்ணுக்குப் போன் போனது. மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கூட்டர் ஓட்டும்போது அம்மா போனை எடுக்கவே மாட்டார்.

"சரி, நீ நேரா கிரவுண்டுக்குப் போ. அஞ்சு நிமிஷ நடைதான். பெரியவங்க வந்து பஸ் டிப்போல விசாரிக்கட்டும்" என்றார் கோவிந்தராஜுலு.

நந்திதா தலையாட்டினாள். அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அவள் கண்கள் பைக்குள் இருந்த பிளாஸ்டிக் உறை மேல் விழுந்தன. அதன் மேல் நீல மையில் பெரிதாக எழுதியிருந்தது:

'ரம்ஷா, வயது 9. மூன்றாம் வார்டு, கட்டில் 14. ரத்த ரிப்போர்ட். மாலை 3.30க்குள் மயக்க மருந்து டாக்டரிடம் காட்ட வேண்டும். நாளை ஆபரேஷன்.'

கீழே பெரியாஸ்பத்திரியின் முத்திரை. போன் நம்பர் எதுவும் இல்லை.

கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி மூன்று நிமிடம்.

"மாமா, பெரியாஸ்பத்திரிக்கு இங்கிருந்து எவ்வளவு நேரமாகும்ங்க?"

"பஸ்ஸுன்னா இருபத்தஞ்சு நிமிஷம். ஏன்?"

மைதானத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி, திட்டு வாங்கி, யாராவது வண்டியை எடுத்துக் கிளம்புவதற்குள் மணி மூன்றரை ஆகிவிடும். நந்திதா கண்ணை மூடினாள். மருதமலை முருகன் ஞாபகம் வந்தது. மருதமலை முருகன் அவளைப் பார்த்து, 'என்ன பண்ணப்போறே?' என்று கேட்பதுபோல இருந்தது.

"மாமா, இதுல ஒரு பாப்பாவோட ஆபரேஷன் பேப்பர் இருக்குதுங்க. நான்தான் மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். நான்தான் கொண்டுபோய்க் குடுக்கோணும். பையைத் தொலைச்சவங்களும் அங்கதானே வருவாங்க? என்ற பை அவங்ககிட்டத்தானே இருக்கும்?"

கோவிந்தராஜுலு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கடையை விட்டு இறங்கி வந்து, அடுத்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க கண்டக்டர்! இந்தப் பாப்பாவைப் பெரியாஸ்பத்திரி வாசல்ல பார்த்து இறக்கி விடுங்க. நம்ம சண்முகப்பிரியாவோட அக்கா புள்ள!"

"யாரு, ஏழு பை சண்முகப்பிரியாவா? ஏறு சாமி, ஏறு!" என்றார் நடத்துநர்.

"நான் உங்கம்மாவுக்குப் போன் போட்டுட்டே இருக்கேன். தைரியமாப் போயிட்டு வா!" என்று கீழேயிருந்து கத்தினார் கோவிந்தராஜுலு.

பஸ் நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வதைவிட ஊர்ந்தது என்று சொல்லலாம். ஒவ்வொரு சிக்னலும் அவளைப் பார்த்ததும் சிவப்பானது. ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் சாலையை மறித்தது. மேளக்காரர்கள் அவசரமே இல்லாமல் வாசித்தார்கள். மாப்பிள்ளை அவசரமே இல்லாமல் சிரித்தார்.

நந்திதா பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அந்த அம்மா பையைத் திறந்தே பார்க்காவிட்டால்? திறந்து பார்த்துவிட்டு, 'இது நம்மது இல்லை' என்று பஸ்ஸிலேயே வைத்துவிட்டால்? யாராவது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அப்பிச்சி மைதானத்தில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'மிட்டு எங்க கண்ணு?' என்று கேட்பார். என்ன சொல்வது?

அவள் கேட்டிருக்க வேண்டியது இரண்டே கேள்விகள். பேரு என்னங்க? எங்க இறங்கறீங்க? அதைக் கேட்டிருந்தால் அந்த முகம் தெரிந்திருக்கும். கையை மட்டும் பார்த்துவிட்டுப் பையைத் திணித்திருக்க மாட்டாள்.

சுங்கம் சிக்னலில் அவளுடைய பஸ் நின்றபோது, எதிர்ப்பக்கம் சிங்காநல்லூர் போகும் பஸ் ஒன்று அவசரமாகக் கடந்து போனது. நந்திதா அதைக் கவனிக்கவில்லை. கடிகாரம் கட்டிய ஒரு கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மணி என்னங்க?"

"மூணு இருபத்திரண்டு."

பெரியாஸ்பத்திரி வாசலில் நடத்துநர் அவளை இறக்கிவிட்டார். நந்திதா ஓடினாள். வழியில் பார்த்தவர்களை எல்லாம் கேட்டாள். "மூணாம் வார்டு எங்கீங்க?" ஒருவர் இடது பக்கம் கைகாட்டினார். இன்னொருவர் வலது பக்கம் கைகாட்டினார். கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாடிப்படி வரைக்கும் கூடவே ஓடிவந்து காட்டினார்.

பதினான்காம் எண் கட்டிலில், வலது கையில் பெரிய கட்டுப் போட்ட ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நர்ஸ்.

"அம்மா எங்க பாப்பா? டாக்டர் கிளம்பப் போறாரு. ரிப்போர்ட் இல்லாம அவரு சரின்னு சொல்ல மாட்டாரு. அப்புறம் நாளைக்கு ஆபரேஷன் தள்ளிப்போயிரும்."

"அம்மா வந்துருவாங்க சிஸ்டர்" என்றாள் சிறுமி.

"வந்துருச்சுங்க!" என்று கத்தினாள் நந்திதா. மூச்சு வாங்கியதில் அடுத்த வார்த்தை வரவில்லை. உறையை மட்டும் நீட்டினாள்.

நர்ஸ் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வார்டின் மறுகோடிக்குப் போனார். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இரண்டாவது தாளில் நின்றார். நெற்றியைச் சுருக்கினார். நந்திதாவும் ரம்ஷாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ரம்ஷாவுக்கு நந்திதாவின் பெயர்கூட இன்னும் தெரியாது. ஆனால் எப்போது என்று தெரியாமலே இருவரும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு. நாளைக்குக் காலையில பண்ணிரலாம்" என்றபடி அருகில் வந்தார். நந்திதாவைப் பார்த்தார். "நீ யாரு? பேஷண்டோட அக்காவா?"

"இல்லீங்க சார். பை மாத்தி எடுத்த ஆளுங்க."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டுப் போனார்.

சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது.

"உன்ற பேருதான் ரம்ஷாவா? நான் நந்திதா. உங்கம்மா பச்சை வளையல்தானே போட்டிருந்தாங்க? இன்னும் வரலையா?"

"இல்லையே. நீ யாரு? எங்கம்மா பை உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

நந்திதா எல்லாவற்றையும் சொன்னாள். மிட், முதல் பந்து, அப்பிச்சி, நான்கு மணி. சொல்லச் சொல்ல அவளுக்கே பயம் கூடியது. தான் போட்ட கணக்கு தப்பிவிட்டது. அந்த அம்மா இங்கே வரவில்லை. பிறகு எங்கே போனார்?

"உங்கம்மாகிட்ட போன் இருக்குதா?"

"இருக்கு. ஆனா நான் பொம்மைப் படம் பார்க்கோணும்னு அழுதேன். அதனால என்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று ரம்ஷா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள்.

நந்திதா சுவர்க் கடிகாரத்தை மறுபடியும் பார்த்தாள். இப்போது கிளம்பினால் நான்கு மணிக்காவது மைதானத்தில் இருக்கலாம். மிட் இல்லாமல் போனாலும், அப்பிச்சியிடம் உண்மையையாவது சொல்லலாம். அவள் எழுந்தாள்.

ரம்ஷா அவள் பாவாடை நுனியைப் பிடித்தாள்.

"நீயும் போறயா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா?"

நந்திதா வாசலைப் பார்த்தாள். ரம்ஷாவைப் பார்த்தாள். மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா வர்ற வரைக்கும் இருக்கேன். கை எப்படி உடைஞ்சுது?"

"கொய்யா மரத்துல இருந்து உழுந்துட்டேன்."

"கொய்யாப்பழமாவது கிடைச்சுதா?"

"அதுதான் இல்லை! அதை அணில் தின்னுட்டுப் போயிருச்சு."

அப்போது ரம்ஷாவின் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் பெயர் இல்லை, வெறும் எண்.

"தெரியாத நம்பர். எடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள் ரம்ஷா.

நந்திதா எட்டிப் பார்த்தாள். அவள் கண்கள் விரிந்தன. அவள் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே எண் அது.

"எடு, எடு! இது எங்கம்மா நம்பர்!"

ரம்ஷா எடுத்தாள். போனிலிருந்து அழுகையும் பேச்சும் கலந்து ஒரு குரல் வந்தது.

"ரம்ஷா! அம்மா பேசறேன்டா. பை மாறிப்போச்சு. நான் சிங்காநல்லூர் கிரவுண்டுல இருக்கேன். அந்தப் பாப்பா இங்க வரவே இல்லைங்கறாங்க. ரிப்போர்ட்டு..."

"அம்மா, அம்மா! ரிப்போர்ட் குடுத்தாச்சு. டாக்டர் சரின்னுட்டாரு. அந்தப் பாப்பா இங்கதான் உக்காந்திருக்கா!"

மறுபக்கம் அழுகை நின்றது. பிறகு, "யா அல்லாஹ்" என்று ஒரு பெருமூச்சு கேட்டது. அடுத்து அம்மாவின் குரல் வந்தது.

"நந்து? நந்து! பேக்கரிக்காரரு இப்பத்தான் சொன்னாரு. மிட்டு இங்க இருக்குதுடி. பத்திரமா இருக்குது. நீ அங்கேயே இரு. ஷ்ரவ்யா வாரா."

நந்திதாவுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. ரம்ஷா தன் நல்ல கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

நான்கு மணி தாண்டிச் சில நிமிடங்களில், ஷ்ரவ்யா அக்காவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ரம்ஷாவின் அம்மா வந்து சேர்ந்தார். பச்சை வளையல்கள் குலுங்க ஓடிவந்து, ஒரு கையால் ரம்ஷாவையும் மறு கையால் நந்திதாவையும் அணைத்துக்கொண்டார்.

"உங்க பேரு என்னங்க?" என்றாள் நந்திதா. இந்த முறை மறக்கவில்லை.

அவர் சட்டென்று அவளைப் பார்த்தார். "உம்மல் குல்சும்" என்றார். "அஞ்சு வருஷமா அந்த பஸ்ல வாரேன் கண்ணு. என்ற பேரைக் கேட்டது உங்க சித்தி ஒருத்திதான். இப்ப நீ கேட்கறே."

பிறகு நடந்ததைச் சொன்னார். சுங்கத்துக்குப் பக்கத்தில்தான் பையைத் திறந்து பார்த்தாராம். முதலில் ரிப்போர்ட் இல்லையே என்று பதறினார். பிறகு மிட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"எத்தனையோ நாள் பைங்களுக்கு மேல அதுதான் இருக்கும். 'சனிக்கிழமை சிங்காநல்லூர் கிரவுண்டுல மேட்ச்சு, வாங்கக்கா, வாங்கக்கா'ன்னு கூப்பிட்டுட்டே இருப்பா. வாரேன், வாரேன்னு சொல்லி நான் ஒரு நாளும் போகலை. இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே, என்ற பையும் அங்கதான் போயிருக்கும், இது இல்லாம அவளும் எப்படி ஆடுவான்னு உடனே எதிர் பஸ் ஏறிட்டேன். அங்க போய்ப் பார்த்தா..."

ஒரு வருடமாகச் சித்தியைப் பஸ்ஸில் காணாதபோது, வேலை மாறிப் போயிருப்பார் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மைதானத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது.

ஷ்ரவ்யா அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். "கிளம்பலாமா நந்து? இருகூர் டீமும் அம்பயரும் உனக்காகக் காத்துட்டு இருக்காங்க."

"திட்டுவீங்களாக்கா?"

"திட்டோணும்னுதான் நினைச்சேன். ஹெல்மெட்டைப் போடு."

மைதானத்தில் அப்பிச்சி வேப்பமரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிட் அவர் மடியில் இருந்தது. நந்திதா அவர் முன்னால் தலைகுனிந்து நின்றாள்.

"அப்பிச்சி, நான் பையை மாத்திக் குடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

அப்பிச்சி மிட்டை ஒருமுறை தடவினார்.

"ஊரைச் சுத்திட்டு வந்துருச்சு" என்றார். "இதைப் போட்டிருந்தவளும் அப்படித்தான். எங்க போனாலும் நேரா ஊடு வந்து சேர்ந்ததே இல்லை. வழியில நாலு பேருகிட்டப் பேசிட்டுத்தான் வருவா."

அவர் சிரித்தார். ஒரு வருடம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்த அம்மா, சுண்டல் போசியை மூடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

போட்டி தொடங்கும் நேரம். ஷ்ரவ்யா அக்கா மிட்டை வாங்கிக்கொண்டு போய், சித்தி உட்காரும் இடத்தில் மண்ணில் வைத்தார். இருகூர் அணியின் முதல் ஆட்டக்காரி பேட்டோடு வந்து நின்றார். பந்து வீசுபவர் பந்தைக் கையில் எடுத்தார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை.

நந்திதாவுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அந்த இடம் ஒரு நாளும் அமைதியாக இருந்ததில்லை. சித்தி அங்கே உட்கார்ந்துகொண்டு எதிரணிக்காரர்களோடு பேசிக்கொண்டே இருப்பார். 'சாப்பிட்டியாக்கா? உங்க பாப்பாவுக்குக் காய்ச்சல் உட்டுச்சா?' என்பார். பதில் சொல்லப்போய் அவர்கள் பந்தை விட்டுவிடுவார்கள். 'சண்முகப்பிரியா, பேச்சைக் குறைங்க' என்று அம்பயர் அதட்டுவார். 'மன்னிச்சுக்கங்க சார். உங்க முட்டிவலி இப்ப எப்படி இருக்குது?' என்பார் சித்தி.

பேட் பிடித்து நின்ற அக்காவின் தோள்கள் இறுகியிருந்தன. அவர் பின்னால் இருந்த காலி இடத்தையே பார்த்தார்.

"அக்கா!" என்றாள் நந்திதா. அமைதியில் அவள் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "சாப்பிட்டீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வாயில் கை வைத்தார்.

பேட் பிடித்த அக்கா ஒரு நொடி திகைத்தார். பிறகு சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். "சாப்பிட்டேன் கண்ணு. தக்காளி சாதம்" என்றார்.

அம்பயர் மூக்கை உறிஞ்சினார். "என்ற முட்டிவலியும் தேவலை" என்றார், யாரும் கேட்காமலேயே.

இப்போது மைதானம் முழுவதும் சிரிப்பும் மூக்குறிஞ்சலுமாக இருந்தது. வேப்பமரத்தடியிலிருந்து அப்பிச்சியின் குரல் வந்தது.

"மிட்டு மண்ணுல கிடக்க வேண்டாம். போ கண்ணு. போய் உக்காரு."

ஷ்ரவ்யா அக்கா முகக் கவசத்தை அவள் தலையில் மாட்டிவிட்டார். அது மூக்கு வரைக்கும் இறங்கியது. மிட்டுக்குள் அவள் கை பாதிகூட நிரம்பவில்லை. உள்ளே தேங்காய் எண்ணெய் வாசம். நந்திதா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

பந்து வந்தது.

'டப்!'

கை எரிந்தது. பந்து கையை விட்டுப் போகவில்லை. அப்பிச்சி முதல் ஆளாகக் கைதட்டினார்.

திங்கட்கிழமை மாலை, நந்திதாவும் அம்மாவும் அதே பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். ரம்ஷாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. கண்விழித்ததும் முதல் வேலையாக மிட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாளாம். அம்மாவுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. நந்திதா மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரம், மடியில் மிட்டோடு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை பை இல்லாமல், எல்லோருக்கும் தெரியும்படி.

ஒண்டிப்புதூரில் கூட்டம் ஏறியது. நெருக்கத்துக்கு நடுவே ஒரு கை நீண்டது. அதில் ஒரு மஞ்சள் துணிப் பை.

"பாப்பா, இதைச் சித்த நேரம் புடிச்சுக்கறயா?"

நந்திதா நிமிர்ந்து, கூட்டத்துக்குள் எட்டி, அந்த முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"குடுங்க, குடுங்க. பேரு என்னங்க? எங்க இறங்கறீங்க?"